தண்ணீர் சரி, எச்சில் வேண்டாம்: ஞானஸ்நானம் யாருக்கு, எப்போது?

தவக்காலம் தொடங்கினால் எங்கள் கூட்டங்களில் இந்தக் கேள்வியும் வந்துவிடும். ஞானஸ்நானத்தைக் குழந்தைக்கே கொடுத்துவிடலாமா, வளர்ந்து விசுவாசித்த பிறகுதான் கொடுக்க வேண்டுமா? தலையில் மூன்று முறை தண்ணீர் ஊற்றினால் போதுமா, ஆற்றில் முழுகி எழ வேண்டுமா? ஒரே காலனியில் ஆர்.சி. குடும்பம், சி.எஸ்.ஐ. குடும்பம், பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் குடும்பம் மூன்றும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும். குழந்தையில் எடுத்தது செல்லாது என்று பாஸ்டர் சொல்வார். எடுத்தது எடுத்ததுதான், இரண்டாம் முறை எடுப்பது பாவம் என்று பங்குச்சாமியார் சொல்வார். நடுவில் நிற்கும் கல்லூரி மாணவி எங்களிடம் வந்து கேட்பாள்.

இது சின்னச் சண்டை இல்லை. 1525-இல் சூரிச் நகரில் வளர்ந்தவர்கள் மறுபடி ஞானஸ்நானம் பெற்றார்கள். இரண்டு ஆண்டு கழித்து அவர்களில் ஒருவரான ஃபீலிக்ஸ் மான்ஸை அந்நகரத்தார் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றார்கள். உயிரைக் கொடுத்துப் பேசிய கேள்வி. அதை நாங்கள் கேலி செய்யவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் இந்தக் கேள்வியைக் குழந்தையா பெரியவரா என்று மட்டும் வைத்துப் பேசுவது ஒரு வசதியான ஏமாற்று என்று நாங்கள் நினைக்கிறோம். யாருடைய ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போட வேண்டும் என்பதை நம் சபைகள் முந்நூறு ஆண்டுகளாகத் தலைகீழாகவே கேட்டு வருகின்றன.

முதலில் காலனிக்குள் இருக்கும் பதிலைச் சொல்லிவிடுவோம். அது எந்த மறைக்கல்விப் புத்தகத்திலும் இருக்காது. "முதல்ல சர்டிபிகேட் வாங்கு, வேலைக்குப் போ, அப்புறம் ஞானஸ்நானத்தப் பாத்துக்கலாம்." இதைச் சொல்பவர்கள் விசுவாசத்தில் குறைந்தவர்கள் இல்லை. ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகும் அம்மாக்கள்தான் சொல்கிறார்கள். மகனுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவில் ஒரு பெயர். தாசில்தார் ஆபீசிலிருந்து விசாரணைக்கு வந்தால் சுவரில் இருக்கும் இயேசு படம் கட்டிலுக்கு அடியில் போகும்.

காரணம் உங்களுக்குத் தெரியும். 1950-ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை, மூன்றாவது பத்தி. இந்து மதத்தைத் தவிர வேறு மதத்தில் இருப்பவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது அது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவரானவர், எத்தனை தலைமுறை கடந்திருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார். அண்ணாசாலை ஓரத்தில் செருப்பு தைத்த ஒரு தலித் கிறிஸ்தவர், மற்றத் தொழிலாளிகளுக்குக் கொடுத்த பங்க் கடை தனக்கு மதத்தால் மறுக்கப்பட்டது என்று உச்ச நீதிமன்றம்வரை போனார். மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவும் வறுமையும் தொடர்கின்றன என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் சூசை வழக்கு தள்ளுபடியானது. 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மூன்றாவது பத்தியையே நீக்கச் சொன்னது. அரசு நீக்கவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் போட்டது.

2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பைத் தோழர்கள் முழுதாகப் படிக்க வேண்டும். புதுச்சேரியில் எழுத்தர் பணிக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட ஒரு பெண்ணின் வழக்கு. அவர் கைக்குழந்தையாக இருந்தபோது பெற்ற ஞானஸ்நானம் அவருக்கு எதிரான ஆவணங்களில் ஒன்றாக வந்தது. தான் இந்துவாகவே வாழ்வதாக அவர் சொன்னதை நீதிமன்றம் ஏற்கவில்லை. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதம் சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவதாகும் என்று கடிந்துகொண்டது. தோளில் கிடந்த குழந்தையின் தலையில் விழுந்த தண்ணீர் முப்பது ஆண்டு கழித்து வேலையைப் பறிக்கிறது. குழந்தை ஞானஸ்நானம் செல்லுமா செல்லாதா என்று மறையியலாளர்கள் அடித்துக்கொள்ளட்டும். அரசாங்கத்தைப் பொறுத்தவரை அது நன்றாகவே செல்லும்.

2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. பாஸ்டராக ஊழியம் செய்த ஒருவர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொடுத்த வழக்கில், கிறிஸ்தவரான பிறகு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு அவருக்கு இல்லை என்றது. அடிப்பவன் அடிக்குமுன் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்கிறானா? அவன் தெருவின் பெயரைப் பார்த்துத்தான் அடிக்கிறான்.

ஆக, அரசு என்ன சொல்கிறது? தண்ணீர் சாதியைக் கழுவிவிட்டது, ஆகவே உரிமை கிடையாது. ஊர் என்ன சொல்கிறது? தண்ணீர் சாதியைக் கழுவாது, ஆகவே தெருவுக்குள் வராதே. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் இளைஞனைப் பார்த்து, நீ ஏன் ஞானஸ்நானத்தைத் தள்ளிப்போடுகிறாய், உனக்குக் கர்த்தர் பெரிதா சலுகை பெரிதா என்று பீடத்திலிருந்து கேட்கிறார்கள். கேட்பவருடைய சாதிச் சான்றிதழை அவருடைய ஞானஸ்நானம் ஒன்றும் செய்யவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். வேளாளர், முதலியார், ரெட்டியார் குடும்பத்தில் பிறந்த கிறிஸ்தவருக்குத் தண்ணீரால் எந்த நட்டமும் வந்ததில்லை.

அவர்களுக்கு எதில் நட்டம் வந்தது என்று வரலாறு பதிந்து வைத்திருக்கிறது. அது எச்சில்.

கத்தோலிக்கச் சடங்கின் பழைய முறையில் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் சில சிறு சடங்குகள் உண்டு. குருவானவர் குழந்தையின் முகத்தில் ஊதுவார், நாக்கில் உப்பு வைப்பார், தன் எச்சிலை விரலில் எடுத்துக் காதையும் மூக்கையும் தொடுவார். காது கேளாத, பேச்சு திக்கிய ஒருவரை இயேசு எச்சிலால் தொட்டுக் குணமாக்கியதாக மாற்கு எழுதியிருப்பதன் நினைவு அது. பதினேழாம் நூற்றாண்டில் மதுரை மிஷன் குருக்கள் எச்சிலை விட்டுவிட்டார்கள். மேல்சாதியாருக்கு எச்சில் தீட்டு. தண்ணீர் பரவாயில்லை, எண்ணெய் பரவாயில்லை, இன்னொரு மனிதனின் வாயிலிருந்து வந்த ஈரம் மட்டும் ஆகாது. 1704-இல் ரோமிலிருந்து வந்த தூதர் தூர்னோன் புதுச்சேரியில் இருந்துகொண்டு ஓர் ஆணை போட்டார். எச்சிலும் உப்பும் ஊதுதலும் விடப்படக் கூடாது, குழந்தைகளின் ஞானஸ்நானம் தாமதிக்கக் கூடாது. அதோடு இன்னொன்று: பறையர் ஒருவர் நோயில் கிடந்தால் குருவானவர் அவர் வீட்டுக்கே போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும். ஒரு ரோமத் தூதர் இதை ஆணையாக எழுத வேண்டியிருந்தது என்றால், அதுவரை நடந்தது என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நாற்பது ஆண்டு இழுபறிக்குப் பின் 1744-இல் திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதி செய்தார். ஆனால் எச்சில் விஷயத்தில் பத்தாண்டு விலக்கு கொடுத்தார். சேரி வீட்டுக்குப் போகும் விஷயத்தில், பறையருக்கென்று தனிக் குருக்களை ஒதுக்குகிறோம் என்று இயேசு சபையார் சொன்ன ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார். ஒரே ஞானஸ்நானம், இரண்டு வகைக் குருக்கள். யாருக்காக விலக்கு, யாருக்காகத் தனி ஏற்பாடு என்று பாருங்கள். எச்சில் பட மாட்டேன் என்றவனுக்கு, சரி, உனக்கு எப்போது மனம் வருகிறதோ அப்போது ஞானஸ்நானம் எடுத்துக்கொள் என்று ஒருவரும் சொல்லவில்லை. அவனுக்காகச் சடங்கை வெட்டினார்கள்.

நாங்கள் எச்சிலுக்காக வாதாடவில்லை. இப்போதைய சடங்கில் அது இல்லாமலேகூட நடக்கிறது. ஞானஸ்நானம் என்றால் என்ன என்பதற்கு அந்த எச்சில் சண்டை ஒரு நேரான விளக்கமாக இருக்கிறது, அதற்காகச் சொல்கிறோம். தண்ணீர் ஊற்றுவதற்கு யாரும் யாரோடும் சேர வேண்டியதில்லை. எச்சில், கலம், பந்தி, கல்லறை, சம்பந்தம், இவையெல்லாம் சேர்ந்தால்தான் நடக்கும்.

வேதாகமத்திலேயே இது இருக்கிறது. செசரியாவில் பேதுரு, ரோமப் படைத்தலைவன் கொர்நேலியு வீட்டில் நின்று, இவர்களுக்குத் தண்ணீரைத் தடுக்க யாரால் முடியும் என்று கேட்டு ஞானஸ்நானம் கொடுக்கச் சொல்கிறார். பிறகு சில நாள் அங்கேயே தங்குகிறார். எருசலேமுக்குத் திரும்பினால் பிராது காத்திருக்கிறது. ஏன் தண்ணீர் கொடுத்தாய் என்று கேட்கவில்லை. விருத்தசேதனம் இல்லாதவர்களோடு உட்கார்ந்து எப்படிச் சாப்பிட்டாய் என்று கேட்கிறார்கள். பின்னால் அந்தியோக்கியாவில் அதே பேதுரு, ஊர்க்காரர்கள் வந்ததும் பந்தியிலிருந்து மெல்ல நழுவுகிறார். பவுல் எல்லார் முன்னிலும் அவரைக் கடிந்துகொள்கிறார். அதை எழுதிய கலாத்தியர் நிருபத்தில்தான், ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குள் யூதர் கிரேக்கர், அடிமை சுயாதீனர், ஆண் பெண் என்ற பிரிவு இல்லை என்றும் எழுதுகிறார். பந்தியில் தொடங்கிய சண்டையின் தொடர்ச்சியாகத்தான் ஞானஸ்நானத்தின் பொருள் அந்த நிருபத்தில் வருகிறது. நம் பிரசங்கங்களில் பின்பாதி மட்டும் வரும், பந்தி வராது. (1704-இல் ஆணை போட்ட தூர்னோனின் பட்டம் அந்தியோக்கியாவின் மறைமுதுவர். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு.)

கேட்டவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். தரங்கம்பாடியில் 1707-இல் லுத்தரன் மிஷன் கொடுத்த முதல் ஞானஸ்நானம் பெற்ற ஐந்து பேரும் டேனிஷ்காரர்களின் வீட்டு அடிமைகள். அப்படித் தொடங்கிய சபை கொஞ்ச நாளிலேயே இருக்கை பிரித்தது. தஞ்சைப் பகுதியில் உழைத்த உபதேசியார் ராஜநாயக்கன், பறையர். முதல் தமிழ் குருப்பட்டம் 1733-இல் வேளாளரான ஆரோனுக்குப் போனது. ராஜநாயக்கனுக்கு அது கடைசிவரை இல்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மேல்சாதி விசுவாசிகளுக்கு மனம் வராது என்பதுதான் காரணம். 1833-இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி உடனே, முழுதாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் ஏராளமான வேளாளர் சபையைவிட்டு வெளியேறினார்கள். அதற்கும் முன்பே, 1829-இல், சாதி ஏற்பாட்டைக் காப்பாற்றி எழுதியவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்றும் நாம் உருகிப் பாடுகிற பாட்டுகளின் ஆசிரியர்.

1850-இல் சென்னை மிஷனரி மாநாடு சொன்னதுதான் எங்களுக்கு முக்கியம். சாதியை முறித்துக் காட்டாதவரை சபையில் சேர்க்கக் கூடாது என்றார்கள். எப்படி முறித்துக் காட்டுவது? தாழ்ந்த சாதியார் என்று தள்ளப்பட்டவர் சமைத்ததை அவரோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு அன்பு விருந்து என்று பெயர். அதாவது, முதலில் பந்தி, பிறகு தண்ணீர். எங்களுக்குத் தெரிந்து இந்த மண்ணில் ஞானஸ்நானத்துக்கு நேரம் குறித்த நேர்மையான முயற்சி அது ஒன்றுதான். அந்த வெள்ளைக்கார மிஷனரிகளுக்கும் தம் பங்களாக்களில் ஆயிரம் பாகுபாடு இருந்தது, அதை நாங்கள் மறக்கவில்லை. ஆனாலும் கேள்வியைச் சரியான ஆளிடம் கேட்டார்கள். விளைவு? லைப்சிக் மிஷன் மட்டும் கையெழுத்துப் போடவில்லை. சாதி ஒரு நாட்டு வழக்கம், மெல்ல மாறும், கட்டாயப்படுத்தக் கூடாது என்றது. விருந்துக்கு உட்கார மறுத்தவர்கள் அந்தச் சபைக்கு மாறிக்கொண்டார்கள்.

இப்போது மறுபக்கத்தைப் பாருங்கள். தலித்துகளிடம் எவ்வளவு கேட்டார்கள்!

ஓங்கோலில் 1866-இல் வந்து இறங்கிய அமெரிக்க பாப்டிஸ்ட் ஜான் கிளவ். முதலில் பிராமணப் பிள்ளைகள் அவர் பள்ளிக்கு வந்தார்கள். பிறகு மாதிகர்கள் ஞானஸ்நானம் கேட்டு வந்தார்கள். இவர்களைச் சேர்த்தால் நாங்கள் போய்விடுவோம் என்றார்கள் முன்னவர்கள். உலகம் இழிவாக நினைப்பவர்களையே கடவுள் தேர்ந்துகொண்டார் என்ற பவுலின் பகுதியை அவரும் மனைவியும் தனித்தனியே திறந்து படித்ததாகவும், அதன்பின் மாதிகரைத் தேர்ந்ததாகவும் அவரே பதிந்திருக்கிறார். அவருக்கு நம் மரியாதை உண்டு. ஆனால் 1876-78 பஞ்சம் வந்தது. பக்கிங்ஹாம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியை ஒப்பந்தம் எடுத்துப் பசித்தவர்களுக்கு வேலை கொடுத்தார் கிளவ். அந்தக் காலம் முழுக்க, ஓர் ஆண்டுக்கும் மேலாக, ஒருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதாம். பஞ்சம் தணிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று, குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுகி எழுந்தார்கள்.

காத்திருக்கச் சொன்னபோது காத்திருந்து, கூலி வேலை முடிந்த பிறகும் ஆற்றங்கரைக்கு வந்து நின்றவர்கள் அவர்கள். இதற்கு மேல் உண்மையான விசுவாசத்துக்கு என்ன சான்று வேண்டும்? இருந்தும் இன்றுவரை தலித் கிறிஸ்தவருக்கு அரிசிக் கிறிஸ்தவர், பால்பவுடர் கிறிஸ்தவர் என்றுதான் பெயர். சாதியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஞானஸ்நானத் தொட்டிக்கு வந்தவருக்கு எந்தப் பட்டப்பெயரும் இல்லை. பசியோடு வந்தவனின் நோக்கத்தைச் சோதித்தார்கள். கௌரவத்தோடு வந்தவனின் நோக்கத்தைச் சோதிக்க யாருக்கும் தோன்றவில்லை.

சோதிக்காததன் பலன் நம் கண்முன் கல்லாக நிற்கிறது. நெல்லை வடக்கன்குளத்தில் 1872-இல் கட்டிய கோயில், ஒரு பீடத்தில் இரண்டு சிறகுகள் சேரும் அமைப்பு. வேளாளர் ஒரு பக்கம், நாடாரும் மற்றவரும் மறுபக்கம். ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே பூசை பார்க்கலாம். 1910-இல் பங்குத்தந்தை கௌசானல் தடுப்பை இடித்தபோது, பிள்ளைமாரும் முதலிமாரும் சுவரைத் திருப்பிக் கட்டித்தரச் சொல்லி வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அப்படி ஓர் உரிமை கிடையாது என்று அனுப்பியது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர். விழுப்புரம் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் பொதுப் பாதையில் பிணம் கொண்டுபோகவும் தனிப் பங்கு வேண்டியும் போராடியதை ஒட்டி 2008 மார்ச்சில் மோதல் வெடித்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு வன்னியக் கிறிஸ்தவர்கள் செத்தார்கள். அவர்களும் ஏழைகள்தான். ஞானஸ்நானம் பெற்றவர்கள், ஞானஸ்நானம் பெற்றவர்களின் பிணத்தைத் தடுக்கப்போய்ச் செத்தார்கள்.

2003-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே சாதி வேறுபாடு தவறு என்று சொன்னார். 2016-இல் இந்திய ஆயர் பேரவை, திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட பிறகு எந்தப் பங்கில் எந்தக் குடும்பத்தின் ஞானஸ்நானம் இதற்காக ஒத்திவைக்கப்பட்டது?

இங்கே சாமியார் நண்பர்கள் குறுக்கிடுவார்கள். ஞானஸ்நானம் கடவுளின் செயல், மனிதரின் தகுதியைப் பார்த்து அது செல்லுபடியாவதில்லை என்பார்கள். அகுஸ்தினார் காலத்து வாதம். சரி, வைத்துக்கொள்வோம். செல்லாது என்று நாங்கள் சொல்லவே இல்லை. எப்போது கொடுப்பது என்பதுதான் பேச்சு. அதற்கு உங்கள் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 868-ஆம் சட்டம்: குழந்தை விசுவாசத்தில் வளர்க்கப்படும் என்ற நியாயமான நம்பிக்கை இருக்க வேண்டும், அது அறவே இல்லையென்றால் ஞானஸ்நானத்தை ஒத்திவைக்க வேண்டும், காரணத்தைப் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். திருமணம் பதியாத பெற்றோரிடம் இதைச் சொல்லி இழுத்தடிப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். காலனித் தெருவுக்குத் தேர் வரக் கூடாது என்று கையெழுத்து வாங்கிய குடும்பத்திடம் யாராவது இதைச் சொல்லிக் கேட்டதுண்டா?

ஆதித் திருச்சபை கேட்டது. மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் 'திருத்தூதர் மரபு' என்ற நூல், ஞானஸ்நானம் கேட்டு வருபவர் மூன்று ஆண்டு கற்க வேண்டும் என்கிறது. அதற்கும் முன், வந்தவுடனே, அவருடைய தொழில் என்ன என்று விசாரிக்கிறது. விபசார விடுதி நடத்துபவரா, வாள்சண்டை வீரரா, அதை விட வேண்டும், இல்லையேல் திருப்பி அனுப்பு. விட்ட பிறகு வா என்பதில் வெட்கப்படவில்லை. வயிற்றுப்பிழைப்பையே விடச் சொன்ன சபை அது. சாதியை விடச் சொல்ல நம் சபைக்கு வாய் வரவில்லை. சாதி ஒரு பிழைப்புகூட இல்லையே.

அண்ணல் அம்பேத்கர் இந்த விஷயத்தைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் செய்தார். 1935-இல் யேவலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்று அறிவித்தவர், 1956 அக்டோபர் 14 வரை இருபத்தொரு ஆண்டு எடுத்துக்கொண்டார். நாகபுரியில் தீட்சை பெற்றதோடு நிற்காமல் இருபத்திரண்டு உறுதிமொழிகளை மக்களைச் சொல்ல வைத்தார். எதை விடுகிறோம் என்பது பெயர் பெயராக அதில் வருகிறது. கிறிஸ்தவர்களுக்குள் சாதி அப்படியே தொடர்வதைப் பற்றி அவர் எழுதியதை நம் குருமடங்களில் பாடமாக வைக்க வேண்டும். ஞானஸ்நானச் சடங்கிலும் விடுதல் உண்டு. சாத்தானை, அவன் செயல்களை, அவன் மாயங்களை விட்டுவிடுகிறாயா என்று மூன்று முறை கேட்கிறார்கள், விட்டுவிடுகிறேன் என்று மூன்று முறை பதில் வருகிறது. சாத்தானை விடுவது மிகவும் எளிது. அவனுக்குத் தெருவும் கிடையாது, வயலும் கிடையாது, மாப்பிள்ளை பார்க்கும் தரகரும் கிடையாது.

அப்படியானால் குழந்தை ஞானஸ்நானம் வேண்டாமா என்று கேட்கும் தோழர்களுக்கு: எங்களுக்குள்ளேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. பேசிப் பேசி ஓரிடத்துக்கு வந்திருக்கிறோம். காலனிக் குழந்தைக்கு அது வேண்டும் என்றே நினைக்கிறோம். சாதி என்ன செய்கிறது? குழந்தை ஒரு வார்த்தை பேசுமுன், ஒரு குற்றம் செய்யுமுன், பிறப்பைப் பார்த்து இழிவென்று முத்திரை குத்துகிறது. அதே குழந்தையை, அது எதுவும் சாதிக்குமுன், பெயர் சொல்லி அழைத்து நீ எங்களுள் ஒருவர் என்று ஒரு சமூகம் கூடி நின்று சொல்வது சாதிக்கு நேர் எதிரான செயல். பிறப்பால் வந்த இழிவுக்குப் பிறப்பிலேயே பதில். விசுவாசம் தெரிந்த வயதில்தான் எடுப்பேன் என்பவர்களையும் நாங்கள் தடுக்கவில்லை. கி.பி. 200 வாக்கிலேயே தெர்த்துல்லியன் குழந்தைகளுக்கு அவசரம் வேண்டாம் என்று எழுதியிருக்கிறார். இரண்டும் பழைய வழக்கங்களே.

ஊர்த் தெருக் குழந்தைக்கு நாங்கள் சொல்வது வேறு. குழந்தையை யாரும் தண்டிக்க வேண்டாம். அங்கே சாத்தானை விடுவதாக வாக்குக் கொடுப்பவர்கள் பெற்றோரும் ஞானப்பெற்றோரும். அவர்களிடம் கேளுங்கள். காலனியிலிருந்து ஒருவரை அந்தக் குழந்தைக்கு ஞானத்தந்தையாக, ஞானத்தாயாக நிறுத்தச் சொல்லுங்கள். நாங்கள் வேலை செய்யும் பங்குகளில் சொந்தச் சாதிக்கு வெளியே ஞானப்பெற்றோர் தேடியவரை இன்னும் பார்க்கவில்லை. அன்றைக்கு வீட்டில் போடும் பிரியாணிப் பந்தியில் அவர் எங்கே உட்காருகிறார், எந்தத் தட்டில் சாப்பிடுகிறார் என்று பங்குத்தந்தை போய்ப் பார்க்கட்டும். முடியாது என்றால் 868-ஆம் சட்டம் இருக்கிறது. ஒத்திவையுங்கள். ஆறு மாதம், ஆறு வருடம், அவர்களுக்கு எப்போது பந்தி விரிக்க மனம் வருகிறதோ அதுவரை.

சான்றிதழுக்காகக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்குக் குற்ற உணர்ச்சி வேண்டாம். ஒத்தியோப்பிய அதிகாரி ஒருவர் வழியில் தண்ணீரைக் கண்டதும், எனக்கு ஞானஸ்நானம் கொடுக்க என்ன தடை என்று பிலிப்பிடம் கேட்டதாக அப்போஸ்தலர் பணி சொல்கிறது. பிலிப்புவிடம் தடை எதுவும் இல்லை. உங்களுக்குத் தடை இருக்கிறது, அதை நீங்கள் வைக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு ஆணையின் மூன்றாவது பத்தி வைத்தது. அதை நீக்கும்வரை எப்போது எடுப்பது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். எடுத்துவிட்டு உரிமையை இழந்து நிற்பவர்களையும், எடுக்காமல் உரிமையோடு நிற்பவர்களையும் ஒருவர் மேல் ஒருவர் ஏவிவிடும் பேச்சுக்கு மட்டும் இடம் கொடுக்காதீர்கள். இரண்டு பேரும் ஒரே தெருவில்தான் இருக்கிறீர்கள். மூன்றாவது பத்திக்கு எதிராக ஆகஸ்ட் 10 அன்று கறுப்பு நாள் அனுசரிக்கும் சபைகள் தங்கள் கல்லறைச் சுவரைப் பற்றி அதே மேடையில் என்ன சொல்கின்றன என்றும் கவனியுங்கள்.

பாஸ்கா இரவுக்கு இன்னும் சில வாரங்கள் இருக்கின்றன. அன்றைக்கு எல்லாரும் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டு ஞானஸ்நான வாக்குறுதியைப் புதுப்பிப்பார்கள். சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்விக்கு அடுத்து, சாதியை விட்டுவிடுகிறீர்களா என்ற கேள்வியையும் சேர்க்கச் சொல்லி உங்கள் பங்குத்தந்தைக்கு, உங்கள் ஆயருக்கு இப்போதே எழுத்தில் கொடுங்கள். பங்குப் பேரவையில் வைத்துப் பேசச் சொல்லுங்கள். யார் எதிர்க்கிறார்கள், என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதைக் கூட்டக் குறிப்பில் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அந்தக் குறிப்பின் நகல் எங்களுக்கும் வேண்டும்.